ஒருதடவை வந்த அம்மை

— வேணாக்கா, உள்ள போவாத. ஜூலியா உடம்பெல்லாம் கொப்புளம். அம்மைன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

— அதுக்குத்தானேடி ஜோகுபாளையத்துல இருந்து ஓடி வந்தேன். வயித்துல ஏழு மாசப் புள்ளய வெச்சிக்கிட்டு நீ உன் மகளத் தொடலாமா? உனக்கு அம்மை வந்ததே இல்ல.

— நீ மட்டும்? தொண்ணூத்தி நாலுலதானே நெஞ்சத் தொறந்து அந்தச் சுரப்பிய எடுத்தாங்க. என்னா பேரு அது...

— தைமஸ். அத எடுத்ததாலதான் அந்தத் தசை நோய் அடங்கி, இன்னிக்கு கண்ணு இமை விழாம உன் மூஞ்சியப் பாக்கறேன்.

— ஏசப்பா! நோய் எதிர்ப்புக்கே அதுதான்னு சிரில் மாமா சொன்னாரே.

— எங்க வீட்டுக்காரருக்கு பயம். ரெண்டு வருஷமா என்னை சர்ச்சுக்குக்கூட விடல. டாக்டர்கிட்ட நானே கேட்டேன், மௌரீன். சின்ன வயசுலதான் அதுக்கு வேலை ஜாஸ்தியாம். நோயோட சண்ட போடற அணுக்களப் பழக்கி ரத்தத்துல அனுப்பிடுமாம். பெரியவங்களுக்கு எடுத்தாலும் பழகினது இருக்குமாம். ஒருதடவை வந்த நோய உடம்பு மறக்காது.

— வராத நோயி?

— அதுக்குத்தான் புது அணு கொறைவு. உடம்பு தடுமாறும், ஜாக்கிரதைன்னாரு. எனக்குத்தான் ஆறு வயசுலயே அம்மை வந்துடுச்சே.

— ஆமா. “அம்மை வந்த வருஷம் டோரீன் பட்ட பாடு”ன்னு அம்மா சாவுறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. அந்த வேப்பிலை வாசனை எனக்கே இன்னும் மூக்குல நிக்குது.

— அப்புறம் என்ன, வழி விடு. எல்லாரும் என்னை ஒடஞ்ச கிளாஸ் மாதிரியே பாக்கறீங்க. இன்னிக்காவது யாருக்காவது ஒதவறேன்.

— சரி, போ. நான் வெளிய ஜன்னலாண்ட உக்காந்துக்கறேன்.

— ஜூலிம்மா, வாடா பெரிம்மா மடிக்கு. சொறியாத கண்ணு. பெரிம்மாவுக்கும் வந்துச்சு தெரியுமா? நெத்தியில கட்டு போட்டுக்கிட்டு, உங்க தாத்தாகூட பஸ்ல வீட்டுக்கு வந்தேன். கை நெறைய கொய்யாப்பழம்.

— அம்மைக்கு யாருக்கா கட்டு போடுவாங்க?

— எனக்கென்னடி தெரியும், கட்டு இருந்துச்சு.

— பஸ் எங்க இருந்து?

— ஆனேக்கல்ல இருந்து. அத்தை வீட்டுல பதினஞ்சு நாள் விட்டிருந்தாங்கல்ல. அங்க கெணத்தாண்ட விழுந்து... மெதுவா பேசு. இப்பத்தான் என் கழுத்தக் கட்டிக்கிட்டுத் தூங்கினா.

— அம்மை போட்ட புள்ளய யாராவது பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்புவாங்களா?

— ஏன்டி அழுவற? மௌரீன்?

— வேப்பிலை மேல படுத்திருந்தது நான்க்கா.