கொழுப்பில் ஒட்டிய சீனி

ஆஸ்பத்திரியிலிருந்து, படகு ஏறும் ஜெட்டிக்குப் போகும் பஸ். பின்பக்க நீள இருக்கையில் என் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. பாதி பஸ்ஸுக்குக் கேட்கும்படி கணவர் சொன்னார்:

“என் கொழுப்புல சீனி ஒட்டிக்கிச்சாம்.”

“உங்களுக்குக் கொழுப்புன்னு நான் முப்பது வருசமா சொல்றேன். டாக்டர் சொன்னாத்தான் நம்புவீங்களா?”

“இது ரத்தத்துல ஓடுற கொழுப்புலா! இனிப்புநீர் வியாதி கூடிப்போனா அதுல சீனி ஒட்டிக்குமாம். அப்புறம் அது ரத்தக்குழாய்ச் சுவத்துல படிஞ்சு, குழாயே கல்லாட்டம் இறுகிடுமாம். நெஞ்சுக்குப் போற குழாய்.”

அந்த அம்மாள் மருந்துப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கொழுப்பு சரி. சீனி எங்கேருந்து வந்துச்சு? வீட்டுல உங்ககிட்ட ஒருநாளும் நான் பார்த்ததில்லையே.”

அடுத்த நிறுத்தத்தில் அவர்களுக்குத் தெரிந்த பெண் ஒருவர் பாசாரில் காய்கறி வாங்கிய கூடையோடு ஏறினார். கணவரின் குரல் பாகாய் உருகியது.

“வாங்க அக்கா, வாங்க! வெயில்ல எப்படி வாடிட்டீங்க! இப்படி என் பக்கத்துல உட்காருங்க.”

“தள்ளியே உட்காருங்க அக்கா,” என்றார் மனைவி. “சீனி ஒட்டிக்கும்.”