தொட்டி மணலில் ஒரு பல்

— ஹோஸை ஆட்டாமப் புடிங்க மாப்பிள்ளை. ஹீட்டரை அணைச்சாச்சு, பம்பையும் அணைச்சாச்சு. இன்னும் எதுக்குத் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க?

— குளிருது மச்சான். உடம்பு சரியில்ல.

— அதுக்குத்தான் வீட்டுக்குள்ளயே மாஸ்க்கா?

— சளி. உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதேன்னு.

— ஊர்ல இருக்கிற கடல் மீன் தொட்டியெல்லாம் கழுவுறவன் நான், எனக்கு எதுவும் ஒட்டாது. அதை விடுங்க. இந்தப் பவளத்தைப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. மஞ்சள் மீனு ரெண்டையும் காணோம். போன சனிக்கிழமை என்னால வர முடியல, நாங்களே தண்ணி மாத்திக்கிறோம்னு சொன்னீங்க. யாரு உப்பை நேரா தொட்டிக்குள்ள கொட்டினது?

— நான்தான்.

— கதை விடாதீங்க. முதல் நாளே டிரம்ல கலக்கி, சூடு பார்த்து, உப்பு அளவு பார்த்து, அப்புறம்தான் ஊத்தணும்னு எனக்கே பாடம் எடுக்கிற ஆளு நீங்க. என் தங்கச்சிதான் கொட்டியிருப்பா. அவளுக்குத்தான் பொறுமைன்னா என்னன்னே தெரியாது.

— யாரு கொட்டினா என்ன மச்சான். அஞ்சுல ஒரு பங்கு தண்ணிய மாத்திட்டா சரியாயிடும். நீங்க மணலை உறிஞ்சுங்க. அந்த மூலையில மட்டும் வேணாம்.

— ஏன்? அங்கதானே அழுக்கு அதிகம்.

— வேணாம்னா விட்டுடுங்களேன்.

— இருங்க, குழாய்க்குள்ள என்னமோ சுத்துது. வெள்ளையா.

— கிளிஞ்சல்.

— கிளிஞ்சலுக்கு வேர் இருக்குமா? இது பல்லு மாப்பிள்ளை. மனுஷப் பல்லு.

— அதை இப்படிக் குடுங்க மச்சான்.

— செவ்வாய்க்கிழமை அவளைக் கடைத்தெருவுல பார்த்தேன். வலது கையில கட்டு. விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு. கேட்டா கதவுல நசுங்கிடுச்சுன்னா. சிரிக்கக்கூட வாயைத் திறக்கல. அடி விழும்போது கையைக் குறுக்க வச்சுத் தடுத்திருக்கா, அப்படித்தானே?

— அவகிட்ட எதுவும் கேட்காதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

— ரெண்டு மீனு செத்ததுக்கு ஒரு பல்லா? அவ பல்லைப் பேத்துட்டு மணலுக்குள்ள தள்ளி மூடிட்டியா? உட்காருடா கீழ.

— கழுத்தை விடுங்க மச்சான். நான் சொல்றதைக் கேளுங்க.

— நீ கேளு. எங்க அப்பா எங்க அம்மாவை முடியைப் புடிச்சு நடுக்கூடத்துக்கு இழுத்துட்டு வருவாரு. நானும் இவளும் கட்டிலுக்கு அடியில ஒண்டிக்கிட்டு இருப்போம். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்க முடியாம தடுக்க வந்தாரு. எங்கப்பா அவர்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘என் பொண்டாட்டியை அடிக்க நான் இருக்கேன். நீ போய் உன் வேலையைப் பாரு.’ அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், என் தங்கச்சி மேல எவன் கை வச்சாலும் அந்தக் கையை ஒடிச்சுடுறதுன்னு.

— ஒடிச்சுக்கோங்க. அவ கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒடிச்சுட்டுப் போயிடுங்க.

— அவ வரட்டும். கண்ணாரப் பார்க்கட்டும். இந்தா, பக்கெட்ல உன் மீனு குளிச்ச தண்ணி. குனி. அந்த மாஸ்க்கோடயே குடி.

— மச்...

— குடிடா.

— எரியுது. வாயெல்லாம் எரியுது.

— உப்புத் தண்ணி எரியாம இனிக்குமா? இன்னொரு வாய்.

— மூச்சு முட்டுது... செத்துடுவேன்...

— செத்துப்போ. எனக்கு என்ன வந்துச்சு. ஏய், என்னது இது, பக்கெட் பூரா ரத்தம்? உன் மூஞ்சியில நான் இன்னும் ஒரு அடிகூட அடிக்கலையே. மாஸ்க்கைக் கழட்டு.

— வேணாம் மச்சான்.

— கழட்டுடா. வாயைத் திற. நல்லாத் திற.

— போதுமா?

— மாப்பிள்ளை... உங்க முன்பல்லு எங்க?

— உங்க கையிலதான் இருக்கு. புண்ணு இன்னும் ஆறல. சத்தம் போடாதீங்க, அவ பூட்டைத் திறக்கிறா. ஹோஸை எடுத்துக்கோங்க. பல்லை மணல்லயே போட்டுடுங்க. நீங்க பார்த்தது அவளுக்குத் தெரிஞ்சா நீங்க போனப்புறம் நான்தான் அனுபவிக்கணும்.

— ஏண்ணே, என்ன இது, தரையெல்லாம் ஒரே தண்ணி? இவரு சட்டையைப் புடிச்சுக்கிட்டு என்ன பண்ற?

— உன் கையைக் காட்டும்மா. கட்டைப் பிரிச்சுக் காட்டு. கதவுல நசுங்குச்சுன்னு சொன்னியே.

— ஓ, சொல்லிட்டாரா? உப்பைக் கொட்டாதன்னு என் கையைத் தட்டிவிடுறாருண்ணே. எனக்கு அளவு சொல்லித் தர்றாராம்.

— அதுக்கு இப்படியா? நாம ரெண்டு பேரும் அந்தக் கட்டிலுக்கு அடியில கிடந்தோமே, எல்லாம் மறந்துபோச்சா உனக்கு?

— ஒண்ணும் மறக்கல. சட்டையை விடுண்ணே. என் புருஷனை அடிக்க நான் இருக்கேன். நீ போய் உன் வேலையைப் பாரு.