வெயில் வராத வீட்டுச் செடி

கிண்டியில் பேருந்து ஏறிய காவலாளிப் பெண்ணின் மடியில், தண்ணீர் நிரப்பிய பையில் பச்சை இலைகள் மிதந்தன. பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள்.

“இன்னாக்கா, தண்ணிக்குள்ள கீரை?”

“கீரை இல்லடி, மீன் தொட்டில வெக்கிற செடி. என் வூட்ல வெயிலே வராது, எந்தச் செடி தாங்கும்னு கலர் மீன் விக்கிற கடைல கேட்டேன். ‘உனுக்கு பிளாஸ்டிக் செடி போதும்மா’ன்னாரு கடைக்காரரு. உசுரோட கீறதுதான் வேணும்னு இத வாங்கியாந்தேன்.”

“வளந்துச்சா?”

“ஒரே வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு போச்சு. தூக்கிப் போடுன்னாரு வூட்டுக்காரரு. வேரத் தொட்டுப் பாத்தேன், கெட்டியா கீது. அப்டியே வுட்டேன். இப்போ தொட்டி பூரா இதான்.”

“எங்க எடுத்துக்கினு போற?”

“அதே கடைக்குத்தான். அவர் வெச்சிருந்ததெல்லாம் அழுகிப் போச்சாம். ‘ரெண்டு கன்னு குடும்மா’ன்னு கேட்டாரு.”

தேனாம்பேட்டையில் எழுந்து, பையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

“வழி வுடுங்கப்பா, செடி கீது!”

கூட்டம் விலகி நின்றது.