மேதை வெட்டிய மணற்பள்ளம்

எனக்குக் கோல்ஃப் ஆட வராது ஐயா. பாரம்பரியக் குழுத் தலைவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் சங்க விதியில் எங்கும் இல்லை. சொல்லப்போனால், ஆடுகிறவர்களிடமிருந்து மைதானத்தைக் காப்பாற்றத்தான் அந்தக் குழுவே.

எங்களுடையது சின்ன மைதானம். ஆனால் ஐந்தாவது குழிக்கு முன்னால், பந்தைச் சிக்கவைக்க, ஆள் உயரத்துக்கு ஒரு மணற்பள்ளம் உண்டு. விளிம்பு உள்ளே கவிழ்வதுபோல் வளைந்து நிற்கும். கடல் கடந்து வந்த ஒரு மேதை வடிவமைத்தது. இருபது வருடமாக விருந்தாளிகளையெல்லாம் அங்கே அழைத்துப்போய் அந்த வளைவின் தத்துவத்தை விளக்கியிருக்கிறேன். வெயிலில் சிலர் மயங்கி விழுந்ததுண்டு. கலையின் பாதிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

சங்கத் தலைவர் என் மனைவியின் அண்ணன். அவருடைய பந்து வாரம் தவறாமல் அதில் விழும். வெளியே எடுக்கத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் பள்ளத்தையே மூடிவிடலாம் என்றார்.

மழை விட்ட ஒரு காலையில் அளவெடுக்க இருவரும் போனோம். அவர் உள்ளே இறங்கினார். நான் விளிம்பின்மேல் நின்றேன்.

“மேதையோட கைவேலை மச்சான். தொடாதீங்க,” என்றேன், கெஞ்சாத குறையாக.

வயிறு குலுங்கச் சிரித்தார். “எந்த மேதை மாப்ளே? எங்கப்பா சங்கத் தலைவரா இருந்தப்ப தண்ணித் தொட்டி கட்டத் தோண்டின பள்ளம் இது. பாறை வந்துச்சு, அப்படியே விட்டுட்டு மணலைக் கொட்டினாரு. உங்க மேதை இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல.”

“மாமா சொன்னாரா?”

“நானே பக்கத்துல நின்னேன்யா. ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுல எடுத்து விடறேன் பாருங்க. இத்தனை வருஷமா தண்ணித் தொட்டிக்குப் பிரசங்கம் பண்ணியிருக்கீங்க.”

கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபக்காரன் கத்துவான். நான் கத்தவில்லை. ஈர விளிம்பைக் குதிகாலால் மிதித்தேன். ஒரு மிதிக்கு அது மசியவில்லை. அதனால் தொடர்ந்து மிதித்தேன்.

சரிந்து முடிந்தபோது கழுத்துவரை புதைந்திருந்தார்.

“விளையாடாதீங்க மாப்ளே. மூச்சு முட்டுது,” என்றார்.

நான் விளையாடுகிறவனே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. மணலில் இறங்கியவர், வெளியேறும்போது ஓரத்தில் கிடக்கும் வாரியை எடுத்துத் தம் கால்தடத்தைச் சமப்படுத்திவிட்டு வர வேண்டும். அவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குப் பதில் நான் செய்தேன். தலை மறையும்வரை, அவசரப்படாமல், ஒரே திசையில் வாரினேன். விளிம்பையும் பழைய வளைவுக்கே தட்டிச் சீராக்கினேன்.

“அண்ணன் எங்கங்க? சாப்பிட வருவாரா?” என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

“மைதானத்துலயேதான் இருக்காரு,” என்றேன். மனைவியிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஆம், கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உடலை எடுக்கிறவர்களை மேற்குப் பக்கமாகத் தோண்டச் சொல்லுங்கள். கிழக்கு விளிம்பில் மண்வெட்டி படக் கூடாது. அது மேதை தன் கையால் வளைத்தது.