ஷெட்டுக்கு வந்தால் புகையாத கார்

"ஹலோ... ஆமா மாமா, நான்தான்... என்னது?... ஒண்ணும் கேக்கல மாமா, பானைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. முதல்ல அந்த போனைக் கவருக்குள்ளேர்ந்து வெளிய எடுங்க... தேஞ்சு போயிடாது, எடுங்க... ஆங், இப்போ கேக்குது. சொல்லுங்க."

ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தான். கூப்பிட்டது அவன் அக்காவின் கணவர். எந்தப் பொருளை வாங்கினாலும் அது வந்த உறையோடு வைத்துக் காப்பாற்றுகிற மனிதர். அவர் வீட்டு ரிமோட் பாலித்தீனுக்குள் இருக்கும். சோபாவும் பாலித்தீனுக்குள்தான். வெயில் காலத்தில் விருந்தாளி எழுந்தால் சோபாவும் பாதி தூரம் கூடவே எழுந்து வரும். கல்யாணமான நாளிலிருந்து அக்கா போடும் சண்டையில் முக்கால்வாசி இந்தக் கவர்களைப் பற்றியதுதான்.

"மறுபடியும் புகையா?... எங்க இருக்கீங்க?... ஸ்டேஷன் வாசல்லயா! அக்கா வர்ற ரயில்?... அறிவிச்சுட்டாங்களா? ஐயோ மாமா!"

அந்த ஐயோவுக்குக் காரணம் இருந்தது. பிரசவமாகப்போகும் மகளின் ஊருக்கு அக்கா கிளம்பிய அன்று, இதே வாசலில் அவளை இறக்கிவிட்ட பழைய கார் கக்கிய கரும்புகையில் அவளுடைய வெளிர் மஞ்சள் புடவை எந்த நிறம் என்றே சொல்ல முடியாமல் போனது. திரும்பி வரும்போதும் புகைந்தால் பழைய இரும்புக்காரர் மறுநாளே வந்து காரை எடுத்துப் போவார், அவரிடம் பேசியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். அவள் சொன்னால் செய்கிறவள். மாமா அந்தக் காரை மனைவிக்கு அடுத்தபடியாக நேசித்தார். சில நாட்களில் வரிசை மாறுவதும் உண்டு.

மெக்கானிக்குக்கும் இது மானப் பிரச்சினை. அந்தக் கார் மூன்று தடவை அவன் ஷெட்டுக்கு வந்தது. மூன்று தடவையும் ஒரு பொட்டுப் புகை இல்லை. சமர்த்தாக ஓடிக் காட்டிவிட்டு, வீடு போய்ச் சேர்ந்ததும் ஊத ஆரம்பித்துவிடும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாயிற்று, உள்ளே இருந்த துளியூண்டு சாமானெல்லாம் மாற்றியாயிற்று. அவனுக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் தீர்ந்துவிட்டது.

"பதறாதீங்க மாமா. என்ன கலர் புகை?... புகை கலர்னா என்ன அர்த்தம்? வெள்ளையா, நீலமா, கறுப்பா?... கறுப்பு. சரி. அப்போ எண்ணெய் எரியல. பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. தின்னுக்கிட்டே இருக்கு, மூச்சு விட மாட்டேங்குது... யாரு அங்க கத்துறது?... டாக்சிக்காரங்களா? என்ன சொல்றாங்க?... சரி சரி, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்."

"சோக் உள்ள தள்ளியிருக்கா? ஸ்டியரிங் பக்கத்துல கறுப்பா ஒரு குமிழ்... ஆமா... ஆமா, அதேதான்... உள்ளதான் இருக்கா? நல்லது, வெளிய இழுத்திருந்தா பெட்ரோல் கூடப் போகும். எஞ்சினை நிறுத்துங்க. பானட்டைத் திறங்க... மேல போர்த்தியிருக்கிற துணியை எடுத்துட்டுத்தான் திறக்கணும்... மடிக்காதீங்க மாமா, ரயில் வருது! அப்படியே தூக்கி உள்ள போடுங்க!... சரி, மடிங்க."

காத்திருந்த நேரத்தில் கையைக் கழிவுத் துணியில் துடைத்தான். கை இன்னும் கறுப்பானது.

"திறந்தாச்சா? கார்புரேட்டர் அடியில விரலை வெச்சுப் பாருங்க. பெட்ரோல் கசியுதா?... காஞ்சிருக்கா. அப்போ அதுவும் இல்ல. காலையில பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்களே, எப்படி இருந்துச்சு?... கண் மை அப்பின மாதிரி. ஆமா, ஆமா, அப்படித்தான் இருக்கும். இனிமே காத்து வர்ற வழி ஒண்ணுதான் பாக்கி. எஞ்சின் மேல மூடி போட்ட சட்டி மாதிரி ஒண்ணு இருக்குல்ல? ஏர் ஃபில்டர் உள்ள இருக்கிறது... ஆமா, போன சர்வீஸ்ல புதுசு போட்டோமே, அது. அந்தச் சட்டியிலேர்ந்து மூக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டியிருக்கும். எலி ஏதாவது குப்பையை அடைச்சிருக்கான்னு விரலை உள்ள விட்டுப் பாருங்க... போகலையா? ஏன் போகல?... பளபளன்னு என்னது?... மாமா. மெதுவாச் சொல்லுங்க. என்ன கவர்?"

மெக்கானிக் மறு கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

"நீங்களா போட்டீங்க?... எதுக்கு?... புது ஃபில்டர் அழுக்காயிடும்னு. மாமா, அது அழுக்காகறதுக்குத்தான் மாமா அங்க உட்கார்ந்திருக்கு! வர்ற தூசியையெல்லாம் அது வாங்கிக்கிட்டாத்தானே எஞ்சின் பிழைக்கும்!... ஓட்டை போட்டிருக்கீங்களா?... ஊசியால. மூச்சு விடறதுக்கு. ரொம்ப இளகின மனசு மாமா உங்களுக்கு... இருங்க, இருங்க. என் ஷெட்டுக்கு மூணு வாட்டி வந்துச்சே, என் கண்ணுல படலையே?... கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா? மூணு வாட்டியுமா? ஏன்?... என்ன சொன்னீங்க?... என் கை பட்டா கவர் கறையாயிடும்னு."

அவன் தன் கையைப் பார்த்தான். அந்த ஒரு விஷயத்தில் மாமா சொன்னதில் தப்பில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கலப்படப் பெட்ரோல் விக்கிறியான்னு பங்க்காரர் சட்டையைப் பிடிச்சேன் மாமா. இப்போ அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாம சுத்திக்கிட்டுப் போறேன்... சரி, அதை விடுங்க. கவரைப் பிச்சு எறிங்க... கிழிக்க வேண்டாமா? சரி, உங்க இஷ்டம், ரப்பர் பேண்டைப் பதமாவே கழட்டுங்க... இப்போ உள்ள உட்காருங்க. ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரைக்கும் மிதிச்சுப் பிடிங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க. சாவியைத் திருப்புங்க."

போனுக்குள் கார் இருமியது. தும்மியது. ஒரு தடவை பெரிதாக வெடித்தது, யாரோ அலறினார்கள். அப்புறம் சீரான உறுமல் கேட்டது, ஷெட்டில் கேட்குமே, அதே உறுமல்.

"காலை எடுங்க... மெதுவா... கேக்குதா மாமா? தையல் மிஷின் மாதிரி ஓடுது பாருங்க! பின்னால போய்ப் பாருங்க, புகை இருக்கா?... இல்லையா! அழறீங்களா என்ன?... கண்ணு எரியுதா. சரி, கண்ணுதான் எரியுது. ரயில் வந்தாச்சா?... ஓடுங்க, போனை வைக்கட்டுமா?... என்ன?... அக்காகிட்டயா? சொல்லல மாமா... சொல்லல... சத்தியமா... பிள்ளைங்க மேலயெல்லாம் எதுக்கு, சும்மா சத்தியம் போதாதா?... கேட்டா, காத்து பத்தலன்னு சொல்றேன். பொய்யும் இல்ல."

மாமாவின் பயம் அவனுக்குப் புரிந்தது. இது மட்டும் அக்காவுக்குத் தெரிந்தால், இப்போது பிறந்திருக்கும் பேத்தியின் கல்யாணப் பந்தலிலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். போனில் கூட்டத்தின் இரைச்சல், காலடிச் சத்தம், பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் எல்லாம் வந்தன. அப்புறம் போன் கை மாறியது.

"அக்கா! வந்துட்டியா?... பாப்பா எப்படி இருக்கு? யார் ஜாடை?... சரிதான், மூக்கு நம்ம பக்கம்தான் இருக்கணும்... மாமா எங்க?... டிக்கியில பெட்டி ஏத்துறாரா? நீ ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறே?... காரா? ஒண்ணுமில்லக்கா, காத்து பத்தல, சரி பண்ணியாச்சு... என்ன ரப்பர் பேண்டு?... மணிக்கட்டுல மாட்டியிருக்காரா?... சட்டைப் பையிலேர்ந்து ஒரு கவரும் துருத்திக்கிட்டிருக்கா? எனக்கு என்னக்கா தெரியும்... அக்கா, சத்தியம் பண்ணியிருக்கேன்... திட்டாதே... ஆமா. ஆமா, எஞ்சினுக்குக் காத்து போற மூக்குல மாட்டி, ஊசியால ஓட்டை போட்டு... சிரிக்காதே, அவருக்குக் கேக்கப் போகுது!"

அவனும் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினான்.

"சரி, அந்த இரும்புக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடு... என்ன?... யார்கிட்டயும் பேசவே இல்லையா? சும்மா மிரட்டினியா! அடிப்பாவி, அந்த மனுஷன் ஒரு மாசமா சரியாத் தூங்கல, நானும் தூங்கல!... அக்கா?... ஏன் குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு?... வெளிய வந்ததும் புகை எங்கன்னு பார்த்தியா... காணோமா... உன் பேச்சைக் கேட்டு காரை வித்துட்டாருன்னே நினைச்சுட்டியா?... பெட்டி மேலயே உட்கார்ந்துட்டியா..."

சின்ன வயதிலிருந்து அவனை மிரட்டியே வளர்த்த அக்கா. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தத்தை அவன் அதிகம் கேட்டதில்லை.

"சரி, சரி, கண்ணைத் துடை. வர்றாரு போல இருக்கு... என்ன?... உனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லக் கூடாதா?... சரி... சத்தியமா... உங்க ரெண்டு பேர் சத்தியத்தையும் தூக்கிக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?... சரி, சொல்லல. குடு அவர்கிட்ட."

"மாமா?... இல்ல, மூச்சு விடல. காத்து பத்தலன்னேன்... நம்பிட்டா... முழுசா நம்பிட்டா, கவலைப்படாதீங்க. அந்தக் கவரை மட்டும் மறுபடி மாட்டிடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்... கைவசம் இல்லையா? யார்கிட்ட?... அக்காகிட்டயா!... பாப்பா போட்டோ கசங்காம இருக்க ஏதாவது கவர் இருக்கான்னு கேட்டாளா? அக்காவா? அவளே வாய் விட்டுக் கேட்டாளா?... நீங்க உடனே பையிலேர்ந்து எடுத்து நீட்டினீங்களா..."

மெக்கானிக் வேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஊசி ஓட்டையைப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்கலையா?... ஒண்ணுமே?... சிரிச்சா மட்டும்... கேக்க மாட்டா மாமா. பாப்பா மூச்சு விட வேண்டாமா?... என்ன? கேக்கல... மாமா, போனை மறுபடியும் கவருக்குள்ள போட்டுட்டீங்களா?... மாமா?... ஹலோ?... ஹலோ?"