இரண்டு விநாடி

சாரம் பகுதியில் எங்கள் அலுவலகத் தெருவில் சாப்பாடு சுமார்தான். அதனால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவேன். அன்று டப்பாவைத் திறக்கும்போதுதான் என் கீழ் வேலை பார்க்கும் ஹிபா வந்து நின்றாள்.

நோயாளிக்கு மூச்சு குறைந்தால் நர்ஸின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட் சர்வரை ஓடவிட்டு நிறுத்துவோம். சில சமயம், உள்ளே தனியாக ஓடும் ஒரு த்ரெட், அதாவது ஒரு துணை ஓட்டம், தன் வேலையை முடிப்பதற்குள் சர்வர் மூடிக்கொள்ளும். அது அனுப்பவிருந்த எச்சரிக்கை தொலைந்துபோகும், சோதனை தோற்கும். நிறுத்துவதற்கு முன் இரண்டு விநாடி காத்திருக்கும்படி கோடில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பிறகு எல்லாச் சோதனையும் தேறியது.

"இது சரிபண்ணது இல்ல சார், மறைச்சது," என்றாள் ஹிபா. "ஆஸ்பத்திரிலயும் இதே கோடுதான ஓடுது? லோடு ஏறுனா ரெண்டு செகண்டு பத்தாது. எல்லா த்ரெட்டும் முடிச்சிடுச்சான்னு பாத்துட்டுதான் மூடணும். ஒரு வாரம் குடுங்க, நான் பண்ணிடறேன்."

"திங்கக்கெழம குடுத்தாவணும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

மே மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில், காலை பத்து மணிக்கு, புதிய பதிப்பை ஏற்ற சர்வரை நிறுத்தினோம். அதே சமயத்தில் அங்கே படுத்திருந்த அரியாங்குப்பம் கன்னியம்மாளுக்கு மூச்சு இறங்கியது. இரண்டு விநாடி பத்தவில்லை, எச்சரிக்கை நர்ஸைப் போய்ச் சேரவில்லை. மருமகள் மாத்திரை வாங்கித் திரும்பும்போது முடிந்திருந்தது.

விசாரணை வரும் என்று தெரிந்ததும், பதிவில் அந்த வரியை எழுதியவர் பெயரை ஹிபா என்று மாற்றினேன். அவளுக்கு இருபத்து நாலு வயது, வேறு வேலை கிடைக்கும். எனக்கு ஐம்பத்தொன்று. நியாயமாகத்தான் யோசித்தேன். அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் அப்பா கமருஸ்ஸமான் வந்தார்.

"எம் பொண்ணு தெரியாம பண்ணிட்டா சார். அவ இல்லன்னுதான் சொல்றா. இருந்தாலும் ஒரு உசுரு போயிருக்கு. மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டேன் பாய்," என்று டீ வரவழைத்தேன்.

அதன்பிறகாவது ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சரிசெய்தால் அந்தத் தேதியும் பதிவாகும். கோளாறு எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். ஆகஸ்டில் நெல்லித்தோப்பு ராஜாங்கம் அதே விதமாகப் போனார். இன்னும் நாலு மருத்துவமனைகளில் அந்த வரி ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு சாவும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கமருஸ்ஸமானிடம் மட்டும் சொல்ல வேண்டாம். மன்னிக்கத் தெரிந்தவன் என்று அவர் என்மேல் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்.