றலியாவின் குரோட்டன்

குரோட்டன் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெளிச்சம் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். இடைக்கிடை ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துவிட்டால் சிவப்பும் மஞ்சளும் புதுப் பெயின்ட் மாதிரி மினுங்கும். குளிர்காற்று ஆகாது, இடத்தை மாற்றுவதும் ஆகாது. கோபித்துக்கொண்டு இலையெல்லாம் கொட்டிவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

என் பெயர் கைரியா. கண்டியில், உடவத்தகெலே காட்டுக்குக் கீழே உள்ள ஒழுங்கையில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். பக்கத்து வீடு றலியாவுடையது. என்னைவிட இளையவள். எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நல்ல பிள்ளை. சமையலும் நல்லது, சிரிப்பும் நல்லது. அவளுடைய முன் ஹோலில் நின்ற குரோட்டன்தான் எல்லாவற்றுக்கும் காரணம், நானில்லை.

ஆள் உயரச் செடி. வருகிறவர்கள் சலாம் சொல்வதற்கு முன்பே அதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்வார்கள். ஒழுங்கையில் எல்லாருக்கும் அதிலிருந்து கம்பு வெட்டிக் கொடுத்தாள். ஹபீல் மாஸ்டர் வீட்டுக்குக் கொடுத்தாள், மரக்கறி கொண்டுவரும் காளிமுத்துவுக்கும் கொடுத்தாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. வாய் திறந்து கேட்டும் பார்த்தேன். கேட்ட இடம்தான் பிழையாகப் போய்விட்டது. ஒழுங்கையின் கோடி வீட்டு ரிப்காவின் கல்யாணத்தில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாங்கள் ஆறு பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"ஐயோ தாத்தா, உங்கட கையில ஒண்டும் நிக்காதே. நான் தந்த கறிவேப்பிலைக் கண்டுக்கு என்ன நடந்த? பாவம், குரோட்டன விட்டுடுங்கோ" என்றாள் றலியா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் மவுத்தாகி ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. அவள் கறிவேப்பிலையைத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனாலும் வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வட்டிலப்பத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன். நான் வட்டிலப்பத்தை விட்டுவிட்டு எழுகிற ஆள் இல்லை.

போன மாதம் றலியாவும் கணவரும் மக்காவுக்கு, உம்ரா செய்யப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். யாருடைய மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு அங்கே போகக்கூடாது. என் வீட்டுக்கும் வந்தாள்.

"தாத்தா, தெரிஞ்சும் தெரியாமலும் உங்கட மனச நோகடிச்சீந்தா பொறுத்துக்கோங்க."

"பொறுத்துட்டேன் புள்ள" என்றேன். விமானத்துக்குப் பெட்டி கட்டிவிட்டு நிற்பவளிடம் வேறென்ன சொல்வது?

"நானும் எல்லாரையும் பொறுத்துட்டேன் தாத்தா. என்ட மனசில ஒத்தருக்கும் எதிரா ஒண்டுமில்ல." சொல்லிவிட்டு வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். "குரோட்டனுக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்கோ. வேற ஒண்டும் செய்ய வாணாம். தொடக்கூட வாணாம்."

இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்லாரையும் பொறுத்துவிட்டேன் என்று அவளே சொன்னாள். செய்ததற்கு மட்டுமா, இனிமேல் செய்வதற்கும் சேர்த்தா என்று பிரித்துச் சொல்லவில்லை. தேதி எதுவும் போடவில்லை. நான் நியாயமான மனுஷி. கொடுத்ததை முழுசாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். பிறகு ஒரே ஒரு கம்பு வெட்டினேன். என் கையிலும் நிற்கும் என்று காட்ட ஒரு கம்பு போதும். வெட்டிய இடத்தில் பால் வடிந்து என் அபாயாவின் கையில் பட்டது. அந்தக் கறை கழுவக் கழுவப் பழுப்பாகிறதே தவிரப் போகவில்லை. ஒரு பக்கம் வெட்டியதும் செடி கோணலாகத் தெரிந்தது. சமன் செய்ய மறுபக்கம் வெட்டினேன். இப்போது உச்சி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் எடுத்தேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது சாடியில் ஒரு தடி நின்றது. பார்க்க ஒழுங்காக இருந்தது.

அவள் சமைக்கிற குசினி ஜன்னலில், பால்மா டின் ஒன்றில் சின்னக் குரோட்டன் கன்று ஒன்றும் இருந்தது. நாலைந்து இலைதான் இருக்கும். அவளுக்கு மிச்சம் எதற்கு என்று அதையும் பையில் போட்டுக்கொண்டேன். ஆரம்பித்த வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

கண்டியில் எது உடைந்தாலும் எது காணாமல் போனாலும் குரங்கு என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஹோல் ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஒரு வாழைப்பழத்தை உரித்து, தோலைக் கதிரைமேல் போட்டேன். பழத்தை நான் சாப்பிட்டேன், வீணாக்கக் கூடாது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் உண்மையான குரங்குகளே வந்து போயிருந்தன. சீனிப் போத்தல் உடைந்து கிடந்தது, திரைச்சீலை கிழிந்து தொங்கியது, றலியாவின் கல்யாணக் கோப்பைகளில் பாதி இல்லை. அதில் எனக்குப் பங்கில்லை. ஜன்னலைத் திறந்தது மட்டும்தான் நான்.

வெட்டிய கம்புகளை என் பின்விறாந்தையில் நட்டேன். இலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. கம்புகள் நிற்கின்றன. பால்மா டின் கன்று மட்டும் புது இலை விட்டு, செக்கச்செவேலென்று கொழிக்கிறது. என் கைராசிக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

றலியா வந்து சேர்ந்தாள். முகம் அப்படியொரு வெளிச்சம். என்னைக் கட்டிப்பிடித்து, ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்தாள். குரங்குச் சங்கதியைச் சொன்னேன். தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் பார்வை என் அபாயாக் கையில் கொஞ்ச நேரம் நின்றது. பயணக் களைப்பாக இருக்கும்.

"மரம் போனா போகட்டும் தாத்தா. குசினியில பால்மா டின்ல ஒரு சின்னக் கண்டு ஈந்ததே, அதுவுமா?"

"அதையும் குரங்கு தூக்கிட்டுப் போயிட்டு, புள்ள."

"அது உங்களுக்குத்தான் வெச்சது." என்றாள் றலியா. "வெறுங் கம்பா தந்தா பட்டுப்போகுமெண்டு, வேர் புடிக்கிற வரைக்கும் நானே வெச்சுப் பாத்தேன். இந்த ஸம்ஸத்தோட தர ஈந்தேன். அண்டைக்கு சஹன்ல அப்படிச் சென்னது, அங்க போயும் என்ட மனச அரிச்ச தாத்தா."

சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பாவமெல்லாம் கழுவி வந்தவளை வீட்டு வாசலிலேயே கோபப்படுத்தி அழுக்காக்குவதா? அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவளுடைய ஜன்னல்களுக்கெல்லாம் குரங்கு வராமல் கம்பிவலை அடிக்கிறார்கள். நான் பால்மா டின்னை விறாந்தையிலிருந்து எடுத்து, படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இடம் மாற்றியதில் நேற்று இரண்டு இலை விழுந்தது. போவதற்கு முன்பே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரமும் இருந்திருக்கும், கோப்பைகளும் இருந்திருக்கும். யார் மேல் தப்பு என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

பரவாயில்லை. நான் அவளைப் பொறுத்துவிட்டேன். இந்தத் தடவை மனசார.